சாமி ரூம்பு வாசலில் போட்ட டிக்

வெற்றிக் கதை சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து திவ்யா என்ற அதிகாரி போன் செய்தாள். கொசு ஒழிப்புப் பிரிவில் இனிமேல் தாளும் பேனாவும் கிடையாதாம். வீட்டுச் சோதனைக்குப் போகிறவர்கள் ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். படம் இல்லையென்றால் அந்த அறையைப் பார்த்ததாகவே சேராதாம்.

"சார், புந்தோங் வெள்ளிக்கிழமைக் குழு எப்படி ஆரம்பிச்சதுன்னு வந்து பேசுங்க. புதுசா வந்தவங்களுக்கு ஊக்கமா இருக்கும்லா" என்றாள்.

போனேன். பேசினேன். பெண்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள், லோரோங் லோரோங்காக, சந்து சந்தாக எப்படிப் பரவியது என்று அரை மணி நேரம் அளந்துவிட்டேன். கை தட்டினார்கள். இரண்டு கறிபாப் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் சிலிபினில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. நடுவையும் முடிவையும் சொன்னேன், ஆரம்பத்தை முழுங்கிவிட்டேன். ஒவ்வோர் அறைக்கும் படம் கேட்கிற நிலைமை வந்ததே என்னைப் போன்ற ஆட்களால்தான் என்று அந்தப் பிள்ளைகளிடம் யார் சொல்வது? எனவே இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் மாணிக்கம். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பால் சேர்த்தவர். ஐந்தாம் படிவம் முடித்து, பயிற்சிக்குப் போய், சாக்கடை, கழிவறை, எலி, கொசு என்று மனிதர்கள் முகம் சுளிக்கிற எல்லாவற்றையும் பாடமாகப் படித்துவிட்டுச் சுகாதார இன்ஸ்பெக்டர் வேலைக்கு வந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. உண்மையான படிப்பு மிஸ்டர் சிவகுருநாதனிடம்தான்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர், சிலோன்காரர். வெள்ளைச் சட்டை, கறுப்புக் குடை, சட்டைப் பையில் இரண்டு பேனா. யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. சாயங்காலம் நாங்கள் சோதனை முடித்து அலுவலகத்துக்குள் நுழையும்போது வாசலில் நிற்பார். நாங்கள் நீட்டுகிற பாரத்தை, அந்தச் சோதனைப் படிவத்தை, உடனே வாங்க மாட்டார். முதலில் குனிந்து எங்கள் கால்சட்டையின் முழங்காலைப் பார்ப்பார்.

"ஐசே, உம்முடைய முழங்கால் ஏன் இவ்வளவு துப்பரவா இருக்கு? நீர் இண்டைக்கு எங்க முட்டுக்கால் போட்டனீர்?"

கொசுப்புழு கண்ணுக்கு நேராக வந்து நிற்காது, கட்டிலுக்கடியில், குளிர்பெட்டிக்குப் பின்னால், பூச்சாடித் தட்டில் இருக்கும், மண்டியிடாதவன் அதைப் பார்த்திருக்க முடியாது என்பது அவர் கட்சி. முழங்காலில் அழுக்கு இருந்தால்தான் பாரத்தில் கையெழுத்து விழும். நாங்கள் சும்மா இருப்போமா? அலுவலகத்துப் பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு போன நாட்களும் உண்டு. நானும் தேய்த்திருக்கிறேன்.

ஒரு வீட்டுக்குள் போனால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒழுங்கு இருந்தது. முதலில் வெளியே சுற்றி வரணும். கூரைத் தண்ணீர் ஓடும் தகரம், டயர், தேங்காய்ச் சிரட்டை, பூந்தொட்டி. பிறகு குளியலறை, சமையலறை, படுக்கையறை, கடைசியாகச் சாமி அறை. ஒவ்வொன்றுக்கும் பாரத்தில் ஒரு கட்டம். டார்ச் அடித்து, தண்ணீர் இருந்தால் சின்னக் குழாயால் உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டுப் பார்க்கணும். புழு இருந்தால் வாலை ஆட்டும். இல்லையென்றால் கட்டத்தில் டிக்.

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். சீனர் வீட்டுக்குப் போனால், "போலே?" என்று மலாயில் அனுமதி கேட்டுவிட்டு நேராக அவர்கள் சாமி மேடையில் இருக்கும் பூச்சாடிக்குள் டார்ச்சை அடிப்பேன். அந்தக் கிழவிகளும் தலையாட்டுவார்கள். நம் ஆட்கள் வீட்டில் மட்டும் சாமி ரூம்பு வாசலோடு என் கால் நின்றுவிடும். காலையிலிருந்து சாக்கடையில் இறங்கிய கால், பசியாறும்போது சாப்பிட்ட நாசி லெமா சோற்றில் கோழித் துண்டு. அந்த உடம்போடு ஒரு குடும்பம் விளக்கேற்றுகிற இடத்துக்குள் எப்படிப் போவது? வாசலில் நின்று கை கூப்புவேன். உள்ளே ஒரு பார்வை. பாரத்தில் டிக். வீட்டுக்கார அக்காக்களுக்கு அதனாலேயே என்மேல் தனிப் பிரியம். "நம்ம இன்ஸ்பெக்டர் தம்பி முறை தெரிஞ்சவரு" என்பார்கள். நானும் அந்தப் பேச்சில் மயங்கி, இதை என் திறமை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புந்தோங்கில் ஒரு லோரோங். பெயர் வேண்டாம். இரண்டு பக்கமும் ஒற்றைமாடி வரிசை வீடுகள். பெரும்பாலும் தோட்டங்கள் விற்கப்பட்டபோது வெளியேறி வந்த குடும்பங்கள். அங்கே ஒருவருக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்தில் இன்னும் இருவர். "நீர்தானே அந்தச் சனத்தோட பழகினனீர், நீரே போம்" என்று பெரியவர் சிவகுருநாதன் என்னை அனுப்பினார்.

வீடு வீடாகப் பார்த்தேன். புகை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை கோத்தோங் ரோயோங் வைத்தோம். ஊர் கூடித் துப்புரவு செய்கிற அந்த வேலைக்கு முதுகெலும்பாக நின்றவர் முனியாண்டி அண்ணன். மணல் லாரி ஓட்டுகிறவர். தன் லாரியையே கொண்டுவந்து நிறுத்தி, பழைய மெத்தை, டயர், உடைந்த தொட்டி எல்லாவற்றையும் மூன்று நடை ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டினார். வாய் மட்டும் ஓயாது. "ஏய், அந்தத் தொட்டிய குடுங்கப்பா, கொசு அதுல வீடு வாங்கி கேட் போட்டு வச்சிருக்கு" என்று கத்துவார். மொத்த லோரோங்கும் சிரித்துக்கொண்டே வேலை செய்தது.

மத்தியானம் எல்லாரும் மீ கோரிங் சாப்பிடும்போது அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப நம்ம லோரோங் சுத்தம்தானே?"

"நூத்துக்கு நூறுண்ணே" என்றேன்.

அவர் மனைவி லெட்சுமி அக்கா எனக்கு இன்னொரு கரண்டி மீ வைத்தார். அடுத்த வீட்டு ராசம்மா அக்கா தேநீர் ஊற்றினார். ராசம்மா அக்கா கணவரை இழந்தவர், தனியாக இருப்பவர். வெள்ளிக்கிழமை தோறும் சர்க்கரைப் பொங்கல் வைத்துப் பத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அந்த இரண்டு வீட்டுச் சாமி ரூம்புக்கும் வாசலில் நின்று இரண்டு தடவை டிக் போட்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து முனியாண்டி அண்ணனுக்குக் காய்ச்சல். லாரி ஓட்டுகிற உடம்பு, இரண்டு மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று நாள் வேலைக்குப் போயிருக்கிறார். நான்காம் நாள் வாந்தி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஏழாம் நாள் காலையில் செத்துப்போனார்.

அன்றைக்கே மிஸ்டர் சிவகுருநாதன் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். "எங்கேயோ ஒரு இடம் நாங்கள் பார்க்கேல்ல" என்று மட்டும் சொன்னார். முனியாண்டி அண்ணன் உடல் வீட்டுக்கு வருவதற்குள் அடுத்த வீட்டைப் பார்த்துவிடலாம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு ராசம்மா அக்கா வீட்டுக்குள் போனார். சமையலறை, குளியலறை எல்லாம் பார்த்துவிட்டுச் சாமி ரூம்பு வாசலில் நின்றார். நான் வழக்கம்போல் கை கூப்பினேன்.

அவர் கூப்பவில்லை. "அம்மா, நான் உள்ளே போக வேணும். என்ன செய்திட்டுப் போகட்டும், சொல்லுங்கோ. குளிக்க வேணுமெண்டால் இங்கேயே குளிச்சிட்டு வாறன்" என்றார்.

ராசம்மா அக்கா திகைத்துப் போனார். "ஐயோ அதெல்லாம் வேணாங்கய்யா, காலக் கழுவிட்டுப் போங்க, போதும்."

பெரியவர் காலுறையைக் கழற்றி மடித்துச் சப்பாத்துக்குள் வைத்தார். குழாயடியில் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மண்டியிட்டார். சாமி அலமாரிக்கு முன்னால் தரைவரை சிவப்புப் பட்டுத்துணி தொங்கியது. அதைத் தூக்கினார். அலமாரியின் நான்கு கால்களும் நான்கு கிண்ணத்துக்குள் நின்றன. நான்கிலும் தண்ணீர்.

தோட்டத்து லய வீடுகளில் எறும்புத் தொல்லை தாங்காது. சாப்பாட்டு அலமாரி, சாமி அலமாரி எல்லாவற்றின் காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவார்கள். எங்கள் அம்மாவும் அப்படித்தான் வைத்திருந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் மருந்துப் பெட்டியோடு லயம் லயமாக வந்து, "கொட்டு, கொட்டு" என்று கத்தி அந்தத் தண்ணீரைக் கொட்ட வைப்பார். தோட்டம் போனது, டிரெசர் போனார், அலமாரியும் கிண்ணமும் மட்டும் புந்தோங்குக்கு வந்துவிட்டன. கொட்டச் சொல்ல இங்கே வரவேண்டிய ஆள் நான்தான். இதெல்லாம் தெரிந்த ஒரே ஆளும் நான்தான்.

பெரியவர் தட்டை நீட்டினார். புழுக்கள் வாலை ஆட்டின. பையிலிருந்து பாரத்தை எடுத்து, சாமி அறைக் கட்டத்தில் விரலை வைத்தார்.

"ஆருடைய டிக் இது?"

"என்னுடையது சார்."

வெளியே வந்து பாரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்: "உம்முடைய முழங்காலைப் பார்த்துத்தான் நான் கையெழுத்துப் போட்டனான். பிழை எனக்கும் இருக்கு. மேலிடத்துக்கு நான் எழுதுவன், நீரும் எழுதும். ஆனால் முனியாண்டியின்ர மனுசிக்கு ஆர் சொல்லுறது?"

மற்ற வீட்டுச் சாமி ரூம்புகளையும் மறுநாளே பார்த்து முடிக்கச் சொன்னார். பார்த்தேன். இந்த முறை காலைக் கழுவிக்கொண்டு உள்ளேயே போனேன். இன்னும் இரண்டு வீட்டில் கிண்ணம் இருந்தது, புழு இல்லை. லெட்சுமி அக்கா வீட்டுக்கு மட்டும் போகவில்லை. முனியாண்டி அண்ணன் படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிற வீடு, என்னால் விளக்கெரிகிற வீடு, அங்கே எந்த முகத்தோடு டார்ச்சைத் தூக்கிக்கொண்டு போவது? விட்டுவிட்டேன். பட்டும் புத்தி வரவில்லை பாருங்கள்.

அதற்குள் லோரோங்கில் பேச்சு பரவிவிட்டது. ராசம்மா வீட்டுப் புழுதான் முனியாண்டியைக் கொன்றது. இப்படியே சொன்னார்கள், வேறு மாதிரி இல்லை. அந்த வெள்ளிக்கிழமை ராசம்மா அக்கா கொடுத்தனுப்பிய பொங்கலை ஒரு வீட்டிலும் வாங்கவில்லை. அடுத்த வெள்ளி அவர் பொங்கலே வைக்கவில்லை. சோதனைக்குப் போன என்னிடம் கேட்டார், "தம்பி, நீங்க ரெண்டு வாட்டி பாத்தீங்களே, அப்ப இல்லையா? நான்தான் அதுக்கப்புறம் கவனிக்காம விட்டுட்டேனா?"

ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். வேலை போய்விடுமோ, பென்சன் போய்விடுமோ என்ற பயம். அதைவிட, "முறை தெரிஞ்ச தம்பி" என்ற பெயர் போய்விடுமே என்ற பயம். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதினாறாம் நாள் கருமாதி. காலையில் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். நானும் போய் ஓரமாக உட்கார்ந்தேன். எனக்கு நாற்காலி கொடுத்து, காப்பியும் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ராசம்மா அக்கா வெள்ளைச் சேலையில் வந்து கூடாரத்துக்கு வெளியே கேட் ஓரமாக நின்றார். ஒருவரும் வாங்க என்று சொல்லவில்லை. ஒரு கிழவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். என் கையில் காப்பி சூடாக இருந்தது.

அந்தக் காப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. எழுந்தேன். பேச்சு ஏதும் தயார் பண்ணிக்கொண்டு எழவில்லை.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. ராசம்மா அக்கா மேல தப்பு இல்ல. நான் ரெண்டு தடவை அவங்க வீட்டுக்கு வந்தேன். ரெண்டு தடவையும் சாமி ரூம்புக்குள்ள போகல. வாசல்ல நின்னு கும்பிட்டுட்டு, பாத்தாச்சுன்னு டிக் போட்டேன். உங்க எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் போட்டேன். பாத்திருந்தா அன்னைக்கே தண்ணியக் கொட்டியிருப்பேன். முனியாண்டி அண்ணன் கேட்டாரு, சுத்தமான்னு. நூத்துக்கு நூறுன்னு சொன்னேன். பாக்காமத்தான் சொன்னேன்."

யாரோ ஒருவர், "அடப்பாவி" என்றார். சரிதான் என்று நின்றேன். லெட்சுமி அக்கா உள்ளேயிருந்து வாசலுக்கு வந்தார். அழுது வீங்கிய முகம். என்னை அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க வீட்டுலயும் உள்ள போகலையா தம்பி?"

"போகலைக்கா."

"அப்புறம்? எல்லா வீட்டையும் மறுபடி பாத்தீங்களே, அப்ப?"

"அப்பவும் உங்க வீட்டுக்கு மட்டும் வரலக்கா. தைரியம் இல்ல."

அவர் உள்ளே திரும்பினார். "வாங்க" என்றார். காலைக் கழுவிக்கொண்டு பின்னால் போனேன். படையல் போட்டிருந்த அலமாரிக்கு முன்னால் அவரே மண்டியிட்டுத் துணியைத் தூக்கினார். அங்கேயும் நான்கு கிண்ணம். நான் டார்ச் அடித்தேன். தட்டே தேவைப்படவில்லை. இரண்டு கிண்ணத்தில் புழு நெளிந்தது.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் துணியைக் கீழே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சொல்லியிருப்பேனா என்பதைச் சத்தியமாக என்னால் இன்றைக்கும் சொல்ல முடியாது. லெட்சுமி அக்கா கொஞ்ச நேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரிக் காலை என்னைத் தூக்கச் சொல்லி, ஒரு கிண்ணத்தை உருவி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே போனார்.

"இந்தா பாருங்க. என் வீட்டுலயும்தான் இருக்கு. என் சாமிக்குக் கீழதான் இருக்கு. எந்த வீட்டுக் கொசு கடிச்சதுன்னு யாரு கண்டா? இனிமே அக்காவ யாரும் ஒரு வார்த்த பேசக்கூடாது."

சொல்லிவிட்டுத் தண்ணீரைச் சிமெண்டுத் தரையில் ஊற்றினார். வெயிலில் அது காய்ந்தது. "அக்கா, ஏன் வெளிய நிக்கிறீங்க? உள்ள வாங்க" என்று கேட் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். ராசம்மா அக்கா வந்து அவரைக் கட்டிக்கொண்டு கதறிவிட்டார். நானும் அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

வெள்ளிக்கிழமைக் குழு அன்றைக்கு அந்தக் கூடாரத்துக்குள்தான் பிறந்தது. யோசனை என்னுடையதல்ல. கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறக்க எத்தனை நாள் என்று லெட்சுமி அக்கா கேட்டார். ஏறக்குறைய ஒரு வாரம் என்றேன். "அப்ப வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம வெளக்குத் தொலக்கும்போது கிண்ணத்தையும் கழுவிட்டா?" என்றார். போதும் அக்கா என்றேன். ராசம்மா அக்காதான் அடுத்ததைச் சொன்னார்: "அவங்கவங்க வீட்ட அவங்கவங்க பாத்தா சரிப்படாது. என் வீட்ட லெட்சுமி பாக்கட்டும், லெட்சுமி வீட்ட நான் பாக்குறேன்." நோட்டீசும் ஒலிபெருக்கியும் வைத்து நாங்கள் இத்தனை வருடம் செய்ய முடியாததை இரண்டு பெண்கள் காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட்டார்கள். சாமி ரூம்புக்குள் உரிமையோடு போகிறவர்கள் அவர்கள்தானே. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு டார்ச். அடுத்த லோரோங் கேட்டது, பிறகு அதற்கடுத்தது.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு ஓய்வு பெறும் வரை என் முழங்காலை நான் சாக்கடையோரத்தில் தேய்த்ததில்லை.

இப்போது அந்தக் குழு சிலிபினுக்கும் வந்துவிட்டது. போன வெள்ளிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் லெட்சுமி அக்கா. தலை முழுக்க நரைத்துவிட்டது, நடை கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கையில் அதே மாதிரி நோட்டுப் புத்தகம்.

"வாங்கக்கா. காலையிலேயே கழுவிட்டாங்க, சுத்தமா இருக்கு" என்றேன். என் மனைவி கழுவியிருந்தாள்.

"உங்க வார்த்தயக் கேக்க வரல தம்பி. நவுருங்க."

செருப்பைக் கழற்றி, குழாயடியில் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். சாமி மேடைக்கு முன்னால், "அம்மாடி" என்று மெல்ல மண்டியிட்டு, டார்ச் அடித்து மூலைமூலையாகப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க, நீங்களே டிக் போடுங்க. உங்க டிக்குதான் எனக்கு நல்லாத் தெரியுமே."

கேலிதான். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பேனாவை வாங்கி, கட்டத்துக்கு மேலே கொண்டுபோனேன்.

"கொஞ்சம் இருங்கக்கா. நான் இன்னும் பாக்கல" என்றேன்.

போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து மண்டியிட்டேன். லெட்சுமி அக்கா எனக்கு டார்ச் பிடித்தார்.